அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை

தனசேகரன் சார், நீங்கள் ஒரு பொய்யர்.

குடிகாட்டில் நீங்கள் எம்.டி.யாக இருக்கும் சாயக் கெமிக்கல் கம்பெனியில் நான் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருடம் உங்கள் நிதிப் பிரிவு முழுக்க என் தலையில் கிடந்தது. பேங்க்காரர் வந்தால் நான், ஆடிட்டர் வந்தால் நான், நம்மிடம் சரக்கு வாங்கும் ஜெர்மன்காரர் வந்து கணக்கைக் காட்டு என்றாலும் நான். இன்றைக்கு உங்கள் கம்பெனி ஒரு வெளிநாட்டு அரசாங்கத்திடம், ரோஸலின் என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதைத் திருத்தி ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேட்க மஸ்கட்டிலிருந்து கடலூருக்கு வந்தேன். வந்து அலைந்த கதைதான் இது. கம்பெனியின் பெயரை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும்.

நான் மஸ்கட்டுக்குப் போய் எட்டு வருடம் ஆகிறது. அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் நிதிப் பொறுப்பு. அந்த வேலைகளை இப்போது அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். அவர்கள் நாடு, அவர்கள் வேலை, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குப் பதிலாக வரப்போகிற பெண்ணுக்கு நானே வேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வருடத்தோடு என் விசா முடிகிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். எனக்கு நாற்பத்து நான்கு வயது. அடுத்து எங்கே என்பதுதான் கேள்வி.

விசா ஏஜென்சியில் சோபாவில் உட்கார வைத்து, மூத்த நிதி நிர்வாகிகளுக்கு எத்தனையோ வழி இருக்கிறது மேடம் என்றார்கள். கேட்டுப் பார்த்தேன். முகமே பார்க்காத ஒரு கம்பெனி அங்கிருந்து கூப்பிட்டு வேலை கொடுக்க வேண்டும், அது ஒரு வழி. பெட்டி நிறையப் பணத்தோடு போய் அங்கே தொழில் தொடங்கலாம், அது இன்னொன்று. அடுத்தவர் கோடிகளுக்குக் கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு, என்னிடம் கோடி கிடையாது. கடைசியில் மிஞ்சியது ஆஸ்திரேலியாவின் மதிப்பெண் வழி. அனுபவத்துக்கு மதிப்பெண் கூடும், வயதுக்குக் குறையும். இருபத்தெட்டு வயதுப் பையனுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் முதுகு ஒடிய உழைத்து ஒருவர் சீனியர் ஆகும்போது நாற்பதைத் தாண்டிவிடுகிறார். நாற்பத்தைந்தில் கதவைச் சாத்துகிறார்கள். சீனியர்கள் வேண்டுமாம், ஆனால் வயதாகக் கூடாதாம். இந்த விதியை எழுதியவர் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

பரீட்சை எழுதி, சான்றிதழ்களைக் கொடுத்து, வேலை பார்த்த கம்பெனிகளின் கடிதங்களை வைத்து விண்ணப்பித்தேன். கொஞ்ச நாளில் பதில் வந்தது. நீங்கள் குறிப்பிட்ட இந்திய நிறுவனத்தைத் தொலைபேசியில் விசாரித்தோம், அப்படி யாரும் அங்கே வேலை பார்க்கவில்லை என்றார்கள், கடிதம் போலி என்று ஏன் கருதக் கூடாது, நான்கு வாரத்தில் விளக்கம் தரவும். போலி என்று முடிவு கட்டினால் சில வருடங்களுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அதற்குள் எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிடும். பிறகு எந்தக் கதவைத் தட்டி என்ன?

பி.எஃப். விவரம், வருமான வரிச் சான்று எல்லாம் அனுப்பினேன். நான் அங்கே சம்பளம் வாங்கியதை அவை காட்டும். நான் நிதிப் பிரிவின் தலைவியா, கூட்டிப் பெருக்கியவளா என்று காட்டாது. கம்பெனி ஏன் இல்லை என்று சொன்னது என்பதையும் காட்டாது. அதைக் கம்பெனிதான் சொல்ல வேண்டும். லீவு போட்டுக் கிளம்பினேன்.

முதல் நாள், மஞ்சக்குப்பத்தில் அக்கா வீடு. அக்கா நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். மஸ்கட்டில் கையகல மீன் கிடைக்கும், பளபளவென்று ஐஸில் அடுக்கியிருப்பார்கள். எத்தனை புளி ஊற்றினாலும் இந்த ருசி வராது. கோபத்தில் சாப்பிட முடியாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இரண்டு தடவை சோறு வாங்கினேன்.

அக்காவின் புருஷன், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், நான் மாமா என்று கூப்பிடுவேன். குடிகாட்டுக்கு நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வண்டியை உதைத்தபடி சொன்னார்.

"நீ இல்லவே இல்லன்னு சொல்லிட்டானுங்களா? அப்ப நான் பின்னாடி யாரம்மா ஏத்திக்கிட்டுப் போறேன்?"

முதுநகரில் வண்டி பஞ்சர். மஸ்கட்டில் வண்டி நின்றால் போன் செய்துவிட்டு ஏசியில் உட்கார்ந்திருப்பேன். இங்கே பஞ்சர் கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லி, எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று முழுசாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். தன் மைத்துனனும் துபாய்க்குப் போய் ஏமாந்தவன்தான் என்றார். நான் ஏமாறவில்லை என்றேன். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். டியூபைத் தண்ணீரில் முக்கிக் காட்டி, இரண்டு ஓட்டை என்றார்.

குடிகாடு நெருங்கும் முன்பே மூக்கில் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நெடியை வைத்தே எந்தக் கம்பெனி இன்றைக்கு ஓடுகிறது என்று தெரியும். மாமா தலையைத் திருப்பாமல், "உன் கம்பெனி ஓடுது" என்றார். எட்டு வருடமாக மறந்திருந்த தலைவலி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

கேட்டில் புது வாட்ச்மேன். யாரைப் பார்க்க வேண்டும், எதற்கு என்று கேட்டு, முன்னாள் ஊழியரா, பெயர் என்ன என்றார். அந்தக் கேள்வியிலேயே எனக்குச் சுர்ரென்றது. உள்ளே வரவேற்பு மேஜையிலிருந்து செல்வி பார்த்துவிட்டாள். போனை வைத்துவிட்டு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

செல்வி குடிகாட்டுப் பெண். இது அவள் பெயர் இல்லை, மாற்றியிருக்கிறேன். நான் அங்கே இருந்தபோது போன் எடுக்கும் வேலைக்கு வந்தாள். அவள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் அவள்தான். எம்.டி. வெளியே போயிருக்கிறார், நாளைக் காலையில்தான் பார்க்க முடியும் என்றாள். பிறகு, நான் கேட்காமலேயே, சந்தோஷமாகச் சொன்னாள்.

"உங்களக் கேட்டு ஒரு போன் வந்துச்சுக்கா. சொல்லணும்னே இருந்தேன். நம்பரே வேற மாதிரி. ஆம்பளக் கொரலு. எந்த வருசம் வேல பாத்தாங்க, என்னா போஸ்ட்டு, என்னா சம்பளம்னு இங்கிலீஷ்ல நோண்டுறான். உடுவனா நானு? அப்படி யாரும் இங்க வேல பாக்கலன்னுட்டேன். மறுபடியும் பேரை எழுத்து எழுத்தா சொல்லிக் கேக்கறான். எங்க ரெக்கார்டுலயே அந்தப் பேரு இல்ல சார்னு அடிச்சு சொன்னேன்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். சபாஷ் என்பேன் என்று காத்திருந்தாள்.

மாமா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. எனக்கு எங்கே அறைவது, யாரை அறைவது என்று தெரியவில்லை.

அவள் எந்த விதியை வைத்து அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். லேப்பில் வேலை பார்த்த ஒரு பெண்ணை எவனோ ஒருவன் கேட்டுக் கேட்டுப் போன் செய்து, கேட்டில் வந்து நின்று தொல்லை கொடுத்தான். அன்றைக்கு எம்.டி. வாயாலேயே உத்தரவு போட்டார். பெண் ஊழியர்களைப் பற்றி வெளியிலிருந்து யார் விசாரித்தாலும் அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். தெருப் பொறுக்கிகளுக்காகப் போட்ட உத்தரவு. வேலையை விட்டுப் போய் எட்டு வருடம் ஆன நிதிப் பிரிவுத் தலைவிக்கும் அது பொருந்தும் என்று எனக்கு எப்படித் தெரியும்? செல்வியிடம் கேட்டேன். எல்லா லேடீஸுக்கும்தான் அக்கா, இருக்கிறவர்கள், போனவர்கள், எல்லோருக்கும் என்றாள்.

ஆண்களைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன்.

"அவுங்களுக்கு எல்லாம் சொல்லுவோம்க்கா. பொண்ணு குடுக்கறவங்க விசாரிப்பாங்கல்ல? சம்பளம், சொந்த ஊரு, குடி கிடி உண்டா, எல்லாம் சொல்லிடுவேன். நம்ம பிரபு சாருக்குக் கூட கனடாலேந்து போன் வந்துச்சு. இருக்கறதுக்கு மேல ஜாஸ்தியாவே சொல்லி அனுப்பி வெச்சேன்."

பிரபு எனக்குக் கீழே வேலை பார்த்தவன். ஜி.எஸ்.டி. கணக்கை வாரத்துக்கு ஒரு தடவை தப்பாகப் போட்டு என்னிடம் திட்டு வாங்கியவன். அவன் இப்போது டொராண்டோவில் சீனியர் மேனேஜர். பனியில் நின்று போட்டோ போடுகிறான். நான் இருந்ததே இல்லை. எனக்குக் கீழே இருந்தவன் இருக்கிறான்.

இரண்டாம் நாள் எம்.டி.யைப் பார்த்தேன். பழைய அறை, புது மேஜை. வாம்மா, நம்ம வீட்டுப் பொண்ணு வந்திருக்கு, இளநீர் கொண்டு வா என்று ஆள் அனுப்பினார். சுவரில் அவர் வாங்கிய விருதுகள். என் காலத்தில் வாங்கியவையும் இருந்தன. நல்ல நிதி நிர்வாகத்துக்காக என்று ஒன்றில் எழுதியிருந்தது. அதை வாங்கிக்கொள்ள மேடைக்குப் போனது அவர். அதற்கு ராத்திரி பகலாக வேலை பார்த்தது யார் என்று இங்கே எழுதத் தேவையில்லை.

விஷயத்தைச் சொன்னேன். எம்.டி. வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். கடிதம் தருவதில் ஒரு தடையும் இல்லை என்றார். உதவியாளரைக் கூப்பிட்டு அங்கேயே சொல்லச் சொல்ல எழுத வைத்தார். ரோஸலின் எங்கள் நிறுவனத்தில் இன்ன பொறுப்பில் வேலை பார்த்தார். இளநீரைக் கையில் எடுத்தேன். அடுத்த வரியைச் சொன்னார். எங்கள் தொலைபேசி ஊழியர் செல்வி கவனக்குறைவாக, நிறுவன விதிகளை மீறி, தவறான தகவல் கொடுத்துவிட்டார். அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்.

விதியை மீறவில்லையே சார், விதிப்படிதானே சொன்னாள் என்றேன். உதவியாளரை வெளியே அனுப்பினார்.

"அப்படி எழுத முடியாதும்மா. பொம்பளைங்க வேல பாக்கறதையே நாங்க இல்லன்னு சொல்றோம்னு லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுத்தா, நாளைக்கு அது ஜெர்மன்காரன் கைக்குப் போச்சுன்னா? வருசா வருசம் ஆடிட்டுக்கு வரான். ஆணும் பொண்ணும் சமமா நடத்தறியான்னு கேக்கறான். என்னா பதில் சொல்லுவேன்?"

உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

"யோசிச்சு சொல்லு. அந்தப் பொண்ணுக்கு வேற எங்கனா வேல பாத்துக் குடுத்துடலாம். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. உனக்குத்தான் கெடு இருக்கு."

இளநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வெளியே செல்வி போனில் யாருக்கோ, ஆமாங்க, நல்ல பையன், சொந்த வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, சாப்பிட்டுப் போங்க அக்கா என்று சைகை காட்டினாள். நான் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் சிதம்பரம் கிளம்பினேன். என் பழைய கடிதத்தில் கையெழுத்துப் போட்ட ஜெனரல் மேனேஜர் சாம்பசிவம் சார் ஓய்வு பெற்று அங்கே இருக்கிறார். எம்.டி. அந்த உத்தரவைப் போட்ட அன்றைக்குக் கூடவே இருந்தவர். அவர் எழுதிக் கொடுத்தால் செல்வியை இழுக்க வேண்டியதில்லை.

ஆலப்பாக்கம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, பெல்ட்டு போச்சு என்றார். எல்லோரும் இறங்கி, வேலை முடியாத நாலு வழிச் சாலையின் ஓரத்தில், மண்ணில் நின்றோம். பக்கத்தில் நின்ற அம்மா ஸ்ரீமுஷ்ணத்தில் மூத்த மகள் வீட்டுக்குப் போகிறார், கையில் பலாச்சுளைப் பை. பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். நான் மஸ்கட் என்றதும், எங்க வீட்டுப் புள்ளையும் வெளிநாடுதான் என்று ஆரம்பித்தார். மகனா என்று கேட்டேன். இளைய மகள் என்றார். சிங்கப்பூரில் நர்ஸ். ஊரில் கேட்டால் மெட்ராஸில் இருக்கிறாள் என்றுதான் சொல்வாராம். ஏன் என்றேன்.

"பொம்பளப் புள்ள தனியா அவ்ளோ தூரம் இருக்குதுன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. எதுக்கு வம்பு?"

அவள் அனுப்பும் பணத்தில்தான் மாடி கட்டியிருக்கிறதாம். மாடியை யார் கட்டியது என்று கேட்டால் மூத்தவள் புருஷன் என்று சொல்வாராம். சுளை நல்ல இனிப்பு. அந்த அம்மாவிடம் சண்டை போட வாய் வரை வந்தது. அதற்குள் பின்னால் வந்த பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றினார்கள். அவர் முன்னால் தொற்றிக்கொண்டார், நான் பின்னால் தொங்கினேன். சிதம்பரம் வரை நின்றுகொண்டே போனேன். நின்றபடியே யோசித்தேன். தனசேகரன் ஒருவர் மட்டும் இல்லை. நம் ஊரில் பெண்ணைக் காப்பாற்றுவது என்றால் முதலில் அவள் அங்கே இல்லை என்று சொல்வார்கள்.

சாம்பசிவம் சார் வீடு தெற்கு வீதிக்குப் பக்கத்தில். அவரும் அவர் மனைவியும் நான் போனதும் இலை போட்டுவிட்டார்கள். இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு. இந்தக் கொத்சு சிதம்பரத்தை விட்டால் எங்கேயும் சரியாக வருவதில்லை. மஸ்கட்டில் ஒரு ஓட்டலில் சிதம்பரம் கொத்சு என்று போர்டு வைத்து சாம்பாரை ஊற்றினார்கள். ஓட்டல்காரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள் மேடம் என்றான்.

சார் என் கடிதங்களை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர். எனக்குத் தொழிலில் பாதியைச் சொல்லிக் கொடுத்தவர். கையெழுத்து என்னுடையதுதான், கடிதம் உண்மை என்று உடனே எழுதிக் கொடுத்தார். அந்த உத்தரவைப் பற்றியும் ஒரு வரி சார் என்றேன். பேனாவை மூடினார்.

"அத எழுத மாட்டேன்ம்மா. பையன் அங்கதான் கான்ட்ராக்ட் எடுத்திருக்கான். நீ ஆஸ்திரேலியா போயிடுவ. நாங்க இங்கதான் இருக்கணும்."

நான் எங்கேயும் போகப்போவதில்லை சார், உங்கள் கம்பெனி அதற்கு ஏற்பாடு செய்துவிட்டது என்றேன். அவர் மனைவி உள்ளே போய்விட்டார். சார் பேச்சை மாற்றுகிற மாதிரி, நாளைக்கு இங்கே மண்டபத்தில் வணிகர்கள் கூட்டம், எம்.டி. பேச வருகிறார், தன்னையும் முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறார் என்றார். எதைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். பணியிடத்தில் பெண்களின் பாதுகாப்பு.

அங்கேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். சாயந்திரம் செல்வி போன் செய்தாள். உதவியாளர் அவளிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எழுதிக்கட்டும்க்கா. என்னாலதானே வந்துச்சு. எனக்கு இந்த வேல இல்லன்னா முந்திரி ஒடைக்கற ஆபீஸ்ல கேட்டு வாங்கிக்குவேன். உங்களுக்கு வயசு தாண்டிடும்ல?"

வாயை மூடு என்றேன். அப்படித்தான் சொன்னேன், நயமாகப் பேச எனக்கு வராது. சொன்னது உன் வாய், உத்தரவு அவர் வாய், நாளைக்கு ஒழுங்காக வேலைக்குப் போ என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டாள், அந்த ஆள் மறுபடி போன் செய்தால் என்ன சொல்லட்டும் என்று. இருந்தாங்க என்று சொல் என்றேன். எம்.டி. சாரைக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன் அக்கா என்றாள். பயந்து சொல்லவில்லை. அவளுக்கு வேலை என்றால் அப்படித்தான்.

நான்காம் நாள் மண்டபம். வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டினார்கள். மேடையில் ஆறு நாற்காலி, ஆறிலும் ஆண்கள். பெண்கள் பாதுகாப்பு என்று பேனர். பேனரில் சிரிக்கிற பெண்ணின் படம், எங்கிருந்தோ எடுத்த படம், நம் ஊர் முகமே இல்லை. கீழே பத்துப் பதினைந்து பெண்கள், முக்கால்வாசிப் பேர் மேடையில் இருந்தவர்களின் மனைவிமார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சாம்பசிவம் சார் முன்வரிசையில், திரும்பிப் பார்க்கவே இல்லை.

எம்.டி. நன்றாகப் பேசினார். அவருக்குப் பேச வரும். கழிப்பறை பற்றி, வேன் வசதி பற்றிப் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எங்க கம்பெனியில ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். நம்ம பொண்ணுங்களப் பத்தி எவன் போன் பண்ணிக் கேட்டாலும் ஒரு வார்த்தை வெளிய போகாது. அப்படி யாரும் இங்க இல்லன்னுடுவோம். கலெக்டர் கேட்டாலும் சரி, கவர்னர் கேட்டாலும் சரி. இந்த உத்தரவு நானே போட்டது."

கைதட்டல். சாம்பசிவம் சாரும் தட்டினார், மெதுவாக.

நான் எழுந்து கையைத் தூக்கினேன். நிகழ்ச்சியை நடத்தியவர் பார்த்தார். கேள்விக்கு நேரமில்லை, சாப்பாடு தயார் என்று மைக்கில் சொன்னார். நான் கையை இறக்கவில்லை. நாற்காலிகள் இழுபட, எல்லோரும் பந்திக்கு எழுந்தார்கள். என்னைத் தாண்டிப் போன ஒருவர், லேடீஸுக்கு அந்தப் பக்கம் பந்திம்மா என்று வழி காட்டினார்.

கை கழுவும் இடத்தில் எம்.டி.யைப் பிடித்தேன். மேடையில் சொன்னதை அப்படியே லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள் சார், ஒரு வார்த்தை கூடச் சேர்க்க வேண்டாம் என்றேன். ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"மேடையில பேசறது வேற, எழுத்துல குடுக்கறது வேறம்மா. உனக்குத் தெரியாததா? நீ பைனான்ஸ்காரி."

கூட நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவர், இவங்க யாரு சார் என்று கேட்டார். எம்.டி. ஒரு நொடி யோசித்தார். பிறகு, தெரிஞ்சவங்க என்று சொல்லிவிட்டு, பந்திக்குப் போய்விட்டார்.

தெரிஞ்சவங்க. பதினோரு வருடம்.

நான் சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டுக் கடலூர் வந்து, மறுநாள் கிளம்பி மஸ்கட் வந்து சேர்ந்தேன். ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவிட்ட மாமா, இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, இதை அப்படியே எழுது என்றார். எங்கே போடுவார்களோ போடட்டும், நீ எழுது என்றார்.

எழுதலாமா என்று செல்வியிடம் கேட்டேன். இது வெளியே வந்தால் அவள் வேலைக்கும் ஆபத்து என்று சொன்னேன். எழுதுங்க அக்கா என்றாள். ஆனால் தான் அந்த வெளிநாட்டு ஆளிடம் நல்ல இங்கிலீஷில்தான் பேசியதையும் எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன்.

ஆகவே தனசேகரன் சார், என் கெடு இன்னும் முடியவில்லை. செல்வியை வெட்டிக் கொடுக்கிற கடிதம் எனக்கு வேண்டாம். அதை நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன். கதவு சாத்தினால் சாத்தட்டும். உங்களிடம் தனியாகப் பேசவும் இனி ஒன்றும் இல்லை. இளநீர் போதும்.

அந்த மண்டபத்தில் மாதாமாதம் கூட்டம் நடக்கிறது. அதே மேடை, அதே மைக், அதே ஆட்கள். அங்கே எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ரோஸலின் உங்கள் கம்பெனியில் வேலை பார்த்தாளா?

பார்த்தாள் என்றால், இல்லை என்று சொல்லச் சொன்னது யார் என்றும் அதே மைக்கில் சொல்லிவிட்டு, அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பார்க்கவில்லை என்றால், உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் அந்த விருதை யாருடைய வேலைக்காக வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். தெரிஞ்சவங்க என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. செல்வியைப் பேசவிட்டு நீங்கள் பின்னால் நிற்கக் கூடாது. உங்கள் வாயால், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். கையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.